‘அப்’ சொல்லிக் கொடுத்த கதை

புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வாழ்த்துடன் ஆரம்பித்தால் நல்லது என்றும் சொன்னார்கள். வாழ்த்து இருக்கட்டும். உங்களில் சிலர் எழுதிய பாடக்குறிப்புகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

‘அப்’ என்ற சொல்லுக்கு மேலே, உயரே, உச்சியில் என்று மூன்று அர்த்தம் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பத்துத் தடவை எழுத வேண்டுமாம். அம்புக்குறி அழகாகத்தான் இருந்தது. பாடம் செத்துக் கிடந்தது.

இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டையும், அது எனக்குக் கொடுத்த சந்தோசத்தையும் சொல்கிறேன். அதற்குப் பிறகும் அம்புக்குறி போடுவதானால் போடுங்கள். உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் மாத்தளை டவுனில் பிறந்து, டவுனிலேயே படித்து, டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவள். ஆசிரியர் கூட்டமொன்றில் அதிபரைப் பார்த்து, “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரிஞ்ச மாதிரி எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த தவணை எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு என்னை வழியனுப்பினார்கள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு நீண்ட மண்டபம். தடுப்பு கிடையாது. ஒரு மூலையில் கணக்கு, ஒரு மூலையில் சமயம், நடுவில் நான். அதிபரைப் பிள்ளைகள் ‘பெரிய சேர்’ என்று கூப்பிட்டார்கள். நல்ல மனிதர். ஆனால் எல்லாவற்றுக்கும் பயம். சத்தம் போட்டால் பயம், சத்தமே இல்லாவிட்டால் அதற்கும் பயம்.

முதல் நாள் கரும்பலகையில் ‘அப்’ என்று எழுதினேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில், “அப் என்றால் மேலே!” என்றது. எனக்கு முன்னால் யாரோ நன்றாகக் குத்தித் திணித்திருந்தார்கள். சரி, பார்ப்போம் என்று ‘கெட் அப்’ என்று எழுதினேன்.

“மேலே வாங்கு” என்றான் ஒருவன்.

“கிவ் அப்?”

“மேலே குடு.”

“ஹரி அப்?”

யோசித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி, “மேலே அவசரம்” என்றாள். பக்கத்தில் இருந்தவன், மேலே தெரிந்த தோட்டத்து வரிசை வீடுகளைக் காட்டி, “மேல லயத்துல யாரோ செத்துட்டாங்க போல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

“ஷட் அப்?” என்று கேட்டேன்.

அந்தப் பின்வரிசைக்காரி எழுந்து நின்றாள். பாக்கியம் என்று பேர். ஒல்லியான பிள்ளை, ஆனால் தொண்டை மட்டும் பெரிய ஆளின் தொண்டை. “அது மட்டும் நல்லா தெரியுங்க டீச்சர். பெரிய தொர ஏசுறது.”

பெரிய தொர என்றால் தோட்டத்து மேனேஜர். அவள் சொன்ன அந்தப் பதிலைக் கவனியுங்கள். மற்றதற்கெல்லாம் தமிழில் அர்த்தம் சொல்லிப் பிழைவிட்ட பிள்ளைகள், இதற்கு மட்டும் அர்த்தமே சொல்லவில்லை. யார், எப்போது, என்ன முகத்தோடு சொல்கிறார் என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்தான் அவர்களுக்கு உண்மையில் தெரிந்திருந்தது. எனக்கு அது அப்போது புத்தியில் ஏறவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடப்புத்தகம் எழுதினவர்களைத் திட்டிக்கொண்டு போனேன்.

சில நாள் கழித்து பஸ் நேரத்தோடு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் வழியில் பெரட்டுக் களம். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். கணக்கப்பிள்ளை காக்கிக் கோட்டும் குடையுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். “நீங்க நாலு பேரு மேமலைக்கு! அந்தப் பக்கம் புல்லு வெட்ட! ஏ, நீ எங்க போற, இங்க வா!” ஒவ்வொரு சொல்லுக்கும் ஆட்கள் நகர்ந்தார்கள், கூடையை எடுத்தார்கள், திரும்பினார்கள். ‘மேமலை என்றால் என்ன பொருள்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல் காதில் விழுந்தது, கால் நடந்தது.

அன்றைக்கே வகுப்பை வெளியே மைதானத்துக்குக் கொண்டுபோனேன். பெரிய சேர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கு இது பள்ளிக்கூடம் இல்ல. பெரட்டு” என்றேன். “நான் கணக்கப்பிள்ளை. சொல்றதைச் செய்யணும். அர்த்தம் கேட்டா வேலை இல்ல, வீட்டுக்குப் போகலாம்.”

லைன் அப். ஸ்டாண்ட் அப். கீழே கிடந்த விறகைக் காட்டி, பிக் அப். ஆள் எண்ண வேண்டும், ஹேண்ட்ஸ் அப். முதலில் நான் செய்து காட்டினேன். பிறகு அவர்கள் செய்தார்கள். பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன், அவர்களே ஒருவர் மாறி ஒருவர் கணக்கப்பிள்ளை ஆனார்கள். பாக்கியத்தின் முறை வந்ததும் ஒரு கம்பைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, “ஹரி அப்! ஹரி அப்! வெயில் வந்துருச்சு!” என்று கத்தினாள். மண்டபத்துக்குள் சமயப் பாடம் நின்றுபோனது.

மேலே போகாத ‘அப்’ ஒன்றும் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? பிள்ளைகள் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். அதை எடுக்கச் சொன்னேன். ‘ட்ரிங்க்’ என்றால் ஒரு மிடறு. ‘ட்ரிங்க் அப்’ என்றால் போத்தலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், ஒரு சொட்டு விழக்கூடாது. அதேபோல ஈட் அப். ரொட்டியெல்லாம் இடைவேளைக்கு முன்பே தீர்ந்தது.

பாக்கியம் கேட்டாள். “அப்படின்னா டீச்சர், அப்புன்னா முடிச்சிருன்னு அர்த்தமா?”

“சில நேரம்.”

“அப்ப மேலேன்னு சொன்னது?”

“அதுவும் சில நேரம்.”

“எது எப்பன்னு எப்படிங்க டீச்சர் தெரியும்?”

“கூட யாரு நிக்கிறான்னு பாக்கணும். நீ யாரு கூட நிக்கிறன்னு பாத்துத்தானே உங்கம்மா ஏசுறதா வேணாமான்னு முடிவு பண்றாங்க. அந்த மாதிரி.”

“அப்ப அதுவும் என்ன மாதிரிதான்” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சொல்லைத் தனியாக நிற்கவைத்து விசாரிக்காதீர்கள். பொலிஸ்காரன்தான் அப்படிச் செய்வான். அதன் கூட்டாளிகளோடு அதை ஓட விடுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள். சமதரையில் ஒருவரை நெருங்கிப் போவதற்கும் இந்த ‘அப்’ வரும். ‘வாக் அப் டு பெரிய சேர்’ என்று நான் சொன்னதும் பாக்கியம் நேராகப் பெரிய சேரை நோக்கி நடந்து, அவர் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். அவர் பின்வாங்கியபடி, “என்னா டீச்சர், என்னா நடக்குது?” என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அதிபருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் பாடம் எடுக்க நேரம் இருக்காது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாத்தளையிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். வடக்கிலிருந்து வந்து உத்தியோகம் பார்த்தவர். கெட்டவர் இல்லை. அவருடைய பிரச்சினை அவருக்கு. ஆனால் அவர் வந்த நேரம் வகுப்பு முழுக்க மைதானத்தில் கையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

“என்ன செய்யிறியள் ரீச்சர்?” என்று கேட்டார்.

“இங்கிலீஷ் படிக்கிறோம்.”

“இப்பிடியோ?” என்றார். பிறகு பெரிய சேரின் மேசையில் உட்கார்ந்து நேராகச் சொன்னார். “டவுணிலை ரெண்டு பள்ளிக்கூடம் இங்கிலீஷ் ரீச்சர் இல்லாமல் கிடக்கு. இந்தப் பிள்ளையள் படிச்சு என்ன செய்யப் போகுதுகள்? நீங்கள் இங்க இருக்கிறது வீண். அடுத்த தவணை டவுணுக்கு வாங்கோ.”

“சரிங்க சேர்” என்றார் பெரிய சேர்.

“சரியில்ல சேர்” என்றேன் நான். “இதுங்க படிச்சு என்ன செய்யும்னு நீங்களும் நானும் எப்படிச் சொல்றது? நான் போனா இந்த மலைக்கு வேற ஆள் அனுப்புவீங்களா?”

அனுப்ப மாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும். என்னை அந்த மலையிலேயே விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை, என்னோடு சண்டை பிடிக்கவும் நேரமில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். “ஆங்கில தினம் வருது. உங்கட பள்ளிக்கூடத்தின்ரை நிகழ்ச்சி ஒண்டு மேடை ஏறட்டும். ஏறினால் நீங்கள் இங்கையே இருங்கோ. ஏறாட்டி டவுண். சரியோ?”

ஆங்கில தினம் என்றால் மாத்தளையில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் போட்டி. தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்று அதுவரை அந்த மேடையில் ஏறியதில்லை. ஏறாது என்று நினைத்துத்தான் சொன்னார்.

நான் பிள்ளைகளிடம் எதையும் ஒளிப்பதில்லை. மறுநாள் சொன்னேன். “மேடை ஏறாட்டி என்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.”

“எங்க டீச்சர்?”

“டவுனுக்கு.”

பாக்கியம் கவலையோடு யோசித்தாள். “டவுன்ல உங்கள சமாளிப்பாங்களா?”

நாடகம் எதுவும் புதிதாக எழுதவில்லை. பெரட்டையே ஆங்கிலத்தில் மேடை ஏற்றுவது என்று முடிவு செய்தோம். பாக்கியம் கணக்கப்பிள்ளை. மற்றவர்கள் ஆட்கள். ஒருவன் விறகுக் கட்டைத் தூக்க முடியாமல் உட்கார்ந்து, “ஐ கிவ் அப்” என்பான். அவள் அவனை எழுப்பி நடக்க வைப்பாள். ஒருவன் பிந்தி வருவான், தேத்தண்ணியும் கையுமாக. அவனுக்கு நல்ல ஏச்சு விழும்.

பெரிய சேர் நடுங்கினார். “கணக்கப்பிள்ளைய நக்கல் பண்ற மாதிரி இருக்கே டீச்சர். தோட்டத்துல பிரச்சினை வந்துட்டா?”

பிரச்சினை தானே நடந்து வந்தது. விசயம் காதில் விழுந்து கணக்கப்பிள்ளை ஒரு பின்னேரம் மைதானத்துக்கு வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. பெரிய சேர் மண்டபத்துக்குள் போய்விட்டார்.

முடிந்ததும் கணக்கப்பிள்ளை பாக்கியத்தைக் கூப்பிட்டார். “ஏ புள்ள, நான் கொடைய அப்படியா புடிக்கிறேன்?”

“இல்லீங்களா?”

“எடது கைல புடிக்கணும். வலது கை ஆளக் காட்டறதுக்கு. அப்புறம், நான் இவ்வளவு சின்னதாவா கத்துறேன்?”

“இல்லீங்க. பெரிய சேர் ஏசுவாருன்னு கொறச்சுக்கிட்டேன்.”

“கொறைக்காத” என்றார். மறுநாள் தன்னுடைய பழைய காக்கிக் கோட்டைக் கொடுத்தனுப்பினார். அதுமட்டுமல்ல. ஆங்கில தினத்தன்று தோட்டத்து லொறி உரம் ஏற்ற மாத்தளைக்குப் போகிறது, போகும்போது காலியாகத்தான் போகும், பிள்ளைகள் அதில் போகட்டும் என்று ஏற்பாடும் செய்துவிட்டார்.

இனிமேல்தான் நெருக்கடி. உங்கள் பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

அந்தக் கிழமை கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. நான் லொறியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பின்னால், திறந்த தட்டில் நின்றுகொண்டு வந்தார்கள். வழி நெடுகச் சிரிப்பு. மாத்தளைக்கு இறங்கும் ஒரு வளைவில் அவர்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாக்கியம் கணக்கப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு முன் கம்பியில் ஏறி நின்று, குறைக்காத தொண்டையில், “ஹேண்ட்ஸ் அப்!” என்று கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்து, “ஹேண்ட்ஸ் அப்!” என்று கத்தினார்கள்.

வளைவு திரும்பியதும் சாவடி.

மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த ஆமிக்காரர்களுக்கு முதலில் கேட்டது சத்தம்தான். வண்டி பிறகுதான் கண்ணில் பட்டது. எல்லாத் துவக்குகளின் குழலும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பயத்தால் தூக்கினார்களா, பழக்கத்தால் தூக்கினார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாங்களே கத்தி, தாங்களே கையைத் தூக்கிக்கொண்ட ஒரு லொறியை அந்த ஆமிக்காரர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் குழம்பிப் போனார்கள். அந்தக் குழப்பம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம்.

அந்த நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்று சொல்கிறேன். கத்தக்கூடாது. ஓடக்கூடாது. பிள்ளைகளை ஏசக்கூடாது. நான் மெதுவாகக் கதவைத் திறந்து, இரண்டு கையும் தெரிய இறங்கி, சிங்களத்தில் பேசினேன். “மல்லி, பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் இவர்களுடைய டீச்சர்.” மல்லி என்றால் தம்பி. துவக்கோடு நிற்பவனைத் தம்பி என்று கூப்பிட்டால் அவனுக்கும் கொஞ்சம் தம்பி ஞாபகம் வரும்.

சார்ஜன் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கடுத்த முகம். எல்லோரையும் கீழே இறக்கச் சொன்னார். விறகுக் கட்டு, கூடை, தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் ரோட்டில் பரப்பப்பட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மேடை ஏறாட்டி டவுண் என்ற அந்தக் குரல்தான் என் காதில்.

“ஹேண்ட்ஸ் அப் என்று எங்களைப் பார்த்துக் கத்தியது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. சார்ஜனுக்குத் தமிழ் சுத்தமாக வராது. அவள் தனக்கு இருந்ததை எடுத்தாள்.

“மீ சேர்.”

சார்ஜனின் புருவம் உயர்ந்தது. அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார். “வை?”

“டிராமா சேர். இங்கிலீஷ் டிராமா. டுடே, மாத்தளை.”

“வாட் டிராமா?”

“பெரட்டு டிராமா.” அது அவருக்கு விளங்கவில்லை என்று கண்டதும், கையால் ஒரு வரிசை போட்டுக் காட்டினாள். “மோர்னிங். ஆல் பீப்பிள் லைன் அப். ஒன் மேன் ஷவுட்டிங்.”

“பரேட்?” என்றார் சார்ஜன்.

“யெஸ் சேர்!”

பின்னால் நின்ற ஆமிக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு ஆள் கத்துவது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சார்ஜன் அவனை முறைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, “உண்மையென்றால் செய்து காட்டட்டும்” என்றார்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாட்டேன் என்றால் சோதனை மத்தியானம் வரை இழுபடும். சரி என்றால், இத்தனை துவக்குக்கு நடுவில் பிள்ளைகள் ‘ஹேண்ட்ஸ் அப்’ சொல்லி விளையாட வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. சொன்னேன்: “செய்து காட்டுவார்கள். முதலில் துவக்கை எல்லாம் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். துவக்கு நீட்டியிருக்கும்போது என் பிள்ளைகள் கையைத் தூக்க மாட்டார்கள். நாடகத்துக்காகக்கூடத் தூக்க மாட்டார்கள்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. டிரைவர் லொறிச் சில்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

சார்ஜன் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். துவக்குகள் இறங்கின.

“பாக்கியம், நடத்து” என்றேன்.

நடுரோட்டில் பெரட்டு நடந்தது. லைன் அப் ஆனார்கள். விறகு தூக்கினார்கள். ஒருவன் உட்கார்ந்து ‘ஐ கிவ் அப்’ என்று அழுதான். சாவடியில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பின்னால் நின்ற ஒரு பஸ்ஸில் இருந்தவர்களும் ஜன்னலால் தலையை நீட்டினார்கள்.

பிந்தி வருகிறவனின் கட்டம் வந்தது. அந்தப் பையன் லொறிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். ஆனால் அதே நேரத்தில், நடப்பது எதுவும் தெரியாமல், குடிலுக்குள்ளிருந்து இளம் ஆமிக்காரன் ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தான். பாக்கியத்துக்கு எது நாடகம் எது நிஜம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வலது கையை அவனுக்கு நேரே நீட்டினாள்.

“யூ! லேட்! ட்ரிங்க் அப்! லைன் அப்!”

அவன் நின்ற இடத்தில் நின்றான். சார்ஜனைப் பார்த்தான். சார்ஜன் வேறு எங்கோ பார்த்தார். அவன் கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்து, ஓடிவந்து என் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக நின்றான்.

அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவது? பஸ்ஸும் சிரித்தது, சாவடியும் சிரித்தது. சார்ஜன் மீசையைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். டிரைவர் சில்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து சிரித்தான். பொருட்களை ஆமிக்காரர்களே லொறியில் ஏற்றிவிட்டார்கள். தடைமரத்தை சார்ஜன் தானே போய்த் தூக்கினார். போகும்போது ஆங்கிலத்தில் சொன்னார்: “ஹரி அப்!”

ஆனாலும் பிந்திவிட்டோம். மாத்தளை மண்டபத்துக்குள் நுழையும்போது கடைசிப் பள்ளிக்கூடம் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சப்பாத்தும் ரிப்பனுமாக டவுன் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். என் பிள்ளைகள் ரோட்டுத் தூசியோடு வாசலில் நின்றார்கள்.

அதிகாரி வந்தார். “நேரம் முடிஞ்சுது ரீச்சர். பிந்தினால் ஏத்த ஏலாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை வாசலோடு தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் ஒன்று கற்றிருந்தேன். கோபத்தை அந்த ஆளின் மேல் மட்டும் கொட்டினால் அது இரண்டு பேரின் சண்டையாக முடிந்துவிடும். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னால் விசயமாகும். நான் ஆங்கிலத்துக்கு மாறி, மேடைக்கு முன்னால் இருந்த நடுவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: “நாங்கள் பிந்தியதற்குக் காரணம், என் பிள்ளைகள் ஆங்கிலத்தை மிகச் சத்தமாகப் பேசியதால் இராணுவம் லொறியை மறித்தது.”

மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்பு. நடுவர்களில் வயதான சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். “புள்ளிகள் தர முடியாது” என்றார். “ஆனால் எவ்வளவு சத்தம் என்று எனக்குக் கேட்க வேண்டும்.”

பிள்ளைகள் ஏறினார்கள். அந்தப் பெரிய கோட்டைக் கண்டதும் மண்டபத்தில் கிசுகிசு எழுந்தது. “இஸ்டாண்ட் அப்” என்று பாக்கியம் சொன்னதும் டவுன் பிள்ளைகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. துவக்குக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு ரிப்பனைக் கண்டா பயம் வரும்? ஆள் எண்ணும் கட்டம் வந்ததும், மேடையில் நின்ற ஆட்களைவிட்டு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, முழுத் தொண்டையில், “ஹேண்ட்ஸ் அப்!” என்றாள்.

முன்வரிசைக் குட்டிப் பிள்ளைகள் தூக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள். டீச்சர்மார். அந்தச் சிங்கள அம்மா பேனையோடு கையைத் தூக்கினார். நான் அதிகாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை தோள் வரை போய்விட்டது. நான் பார்ப்பதைக் கண்டதும் அதை அப்படியே கொண்டுபோய்த் தலைமுடியைச் சரிசெய்தார்.

புள்ளி இல்லை, பரிசு இல்லை. முடிந்த பிறகு பிள்ளைகள் முற்றத்தில் பணிஸ் தின்றுகொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார்.

“மேடை ஏறினோமா சேர்?” என்று கேட்டேன்.

“ஏறினியள்” என்றார். “நீங்கள் அங்கையே இருங்கோ ரீச்சர். உங்களை டவுணுக்குக் கொண்டு வந்தால் எனக்குத்தான் தலையிடி.”

நான் யாருக்கும் லேசில் நன்றி சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்த மனிதருக்குச் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். நெருக்கடி வரும்போது நீங்கள் எழுதிவைத்த குறிப்பு எதுவும் கைக்கு வராது. பிள்ளை தன் உடம்புக்குள் என்ன வைத்திருக்கிறதோ அதுதான் வரும். ஆகவே அங்கே வையுங்கள். அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

உர மூட்டை ஏற்றிய லொறி எங்களைக் கூட்டிப்போக வந்தது. பிள்ளைகள் மூட்டைகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “என்னா டீச்சர், கப்பு கெடைச்சுதா?”

நான் பதில் சொல்வதற்கு முன்னால், மூட்டை மேலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

“கப்பு கெடைக்கலண்ணே. டீச்சர் கெடைச்சிட்டாங்க. வண்டிய எடுங்க!”